ஹக்கர்களின் சொற்கள்: கேள்வியும் பதிலும்

யாழ்ப்பாணத்தில் உயர்தரத்துக்குத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும் கேட்ட கேள்விகளுக்கு, வலையமைப்புப் பாதுகாப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: சேர், ஹக்கர் என்றால் களவெடுப்பவர் என்றுதான் செய்திகளில் வருகிறது. பிறகு ஏன் கம்பனிகள் சம்பளம் கொடுத்து ஹக்கரை வைத்திருக்கின்றன? (மாணவர், நல்லூர்)

பதில்: அந்தச் சொல் களவோடு பிறந்ததல்ல. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. தொழில்நுட்பக் கழகத்தில் மாதிரி ரயில்களை ஓட்டும் மாணவர் சங்கமொன்று இருந்தது. பலகைக்குக் கீழே தொலைபேசி ரிலேக்களை (மின்சாரத்தால் இயங்கும் ஆளிகளை) இணைத்து அந்த ரயில்களைக் கட்டுப்படுத்தும் சுற்றுகளை அமைத்தவர்கள், புத்திக்கூர்மையோடு அழகாகச் செய்து முடித்த வேலையை ‘ஹக்’ என்றார்கள். அவர்கள் கணினியின் பக்கம் வந்தபோது சொல்லும் கூடவே வந்தது. 1980களில் பத்திரிகைகள் கணினிகளுக்குள் அத்துமீறி நுழைபவரை அதே பெயரால் அழைக்கத் தொடங்கவே, 1985 அளவில் பழைய ஹக்கர்கள் அத்தகையவருக்குக் ‘கிராக்கர்’ என்ற பெயரை முன்வைத்தார்கள். அது பொதுமக்களிடம் எடுபடவில்லை.

இன்று வெள்ளைத் தொப்பி, கறுப்புத் தொப்பி என்று பிரிக்கிறார்கள். இருவருக்கும் திறமை ஒன்றாகவே இருக்கலாம். உரிமையாளரின் அனுமதி இருக்கிறதா என்பதே வேறுபாடு. எந்தக் கணினிகளை, எந்த நாட்களில், எந்த அளவுக்குச் சோதிக்கலாம் என்று எழுதிக் கையொப்பமிட்ட ஆவணம் கையில் வந்த பிறகே வெள்ளைத் தொப்பிக்காரர் வேலையைத் தொடங்குவார். இலங்கையின் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி, எதையும் எடுக்காவிட்டாலும் அதிகாரமில்லை என்று தெரிந்தே நுழைவது குற்றமாகும். ஆகவே பாடசாலைக் கணினிக்குள் சும்மா எட்டிப் பார்த்தேன் என்பது சமாதானமாகாது, தம்பி.

கேள்வி: எங்கள் வகுப்பில் ஒருவர் இணையத்தில் எடுத்த ஒரு மென்பொருளைக் காட்டி, தன்னிடம் ‘சீரோ டே’ இருக்கிறது என்கிறார். நம்பலாமா? (மாணவி, சாவகச்சேரி)

பதில்: நம்ப வேண்டாம். தயாரிப்பாளருக்குத் தன் மென்பொருளின் பாதுகாப்புக் குறையொன்று தெரியவந்து, அதைத் திருத்த எத்தனை நாட்கள் கிடைத்தன என்ற கணக்கில் ‘பூச்சியம்’ என்பதே அதன் பொருள். எல்லோரும் தரவிறக்கக்கூடிய கருவி அந்த நிலையை எப்போதோ கடந்துவிட்டது. பிறர் எழுதியதை விளங்காமல் ஓட்டிப் பெருமை பேசுபவருக்கு ஹக்கர்கள் வைத்த பெயர் ‘ஸ்கிரிப்ட் கிடி’. அது வசைச்சொல் என்பதால் நண்பரிடம் சொல்ல வேண்டாம். அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று அவரிடம் கேளுங்கள்.

கேள்வி: மீன்பிடித்தலைக் குறிக்கும் சொல்லில் உள்ள எஃப் எழுத்துக்குப் பதிலாக, ‘பிஷிங்’ என்பதைப் பி, எச் என்ற எழுத்துகளால் தொடங்குவது ஏன்? (ஆசிரியை, மானிப்பாய்)

பதில்: பிஷிங் என்பது போலிச் செய்திகளால் கடவுச்சொல் போன்றவற்றைப் பறிப்பது. அதன் எழுத்துகள், அதே பி, எச் எழுத்துகளால் தொடங்கும் ‘பிரீக்கிங்’ என்ற இன்னும் பழைய சொல்லின் சாயல் என்பதே பரவலான கருத்து. பிரீக்கிங் என்பது தொலைபேசி வலையமைப்பை ஆராய்ந்து ஏமாற்றும் கலை. அதை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அன்றைய அமெரிக்கத் தொலைதூர இணைப்புகளில், பேச்சு சென்ற அதே கம்பியில்தான் கட்டுப்பாட்டுச் சமிக்ஞையும் சென்றது. இணைப்பு வெறுமையாக இருக்கிறது என்பதன் அடையாளம் 2600 ஹேர்ட்ஸ் ஒலி. கட்டணமில்லாத இலக்கமொன்றை அழைத்துவிட்டு அந்த ஒலியைத் தொலைபேசியின் பேசும் முனையருகே எழுப்பினால், தொலைவிலுள்ள இணைப்பகம் அழைப்பு முடிந்துவிட்டதாக எண்ணிப் புதிய கட்டளைக்குக் காத்திருக்கும். கட்டணம் கணக்கிடும் பகுதியோ பழைய இலவச அழைப்பே தொடர்வதாகக் கருதும். அதன் பிறகு விரும்பிய இடத்துக்கு இலவசமாகப் பேசலாம். காலையுணவுத் தானியப் பெட்டியில் இனாமாக வந்த விளையாட்டு ஊதல் அதே ஒலியைத் தந்ததால், ஜோன் டிரேப்பர் என்பவர் அந்தத் தானியத்தின் பெயராலேயே புகழ்பெற்றார்.

பிறகு சமிக்ஞையைத் தனிப் பாதைக்கு மாற்றி அந்த ஓட்டையை அடைத்தார்கள். ஆனால் கட்டளையும் தரவும் ஒரே பாதையில் கலப்பது என்ற அடிப்படைக் குறை இன்றும் வருகிறது. இணையப் படிவத்தில் பெயர் எழுதும் கட்டத்தில் தரவுத்தளக் கட்டளையை எழுதி ஏமாற்றும் ‘எஸ்.கியூ.எல். இன்ஜெக்ஷன்’ அதே குறையால்தான் நடக்கிறது. மாணவர்களுக்கு இரண்டையும் சேர்த்துக் கற்பியுங்கள் ரீச்சர், இலகுவாக விளங்கும்.

கேள்வி: ‘வேர்ம்’, ‘வைரஸ்’ இரண்டும் ஒன்றா? (மாணவர், பருத்தித்துறை)

பதில்: இல்லை. வைரஸ் இன்னொரு கோப்பிலோ நிரலிலோ ஒட்டிக்கொண்டு பரவும். வேர்ம் வலையமைப்பு வழியாகத் தானாகவே பரவும். 1988 நவம்பர் 2ஆம் திகதி ரொபேர்ட் மொரிஸ் என்ற மாணவர் வெளியிட்ட வேர்ம், ஒரு கணினியில் தன் பிரதி ஏற்கெனவே இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கும். கணினியைப் பராமரிப்பவர்கள் ‘இருக்கிறது’ என்று பொய்ப் பதில் வரச் செய்து தப்பிவிடுவார்கள் என்று எண்ணி, அந்தப் பதில் வந்தாலும் ஏழில் ஒரு தடவை தங்கிவிடும்படி அவர் எழுதியிருந்தார். அந்த விகிதம் மிக அதிகம். பிரதிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, அன்றைய மதிப்பீட்டின்படி சுமார் 6,000 கணினிகள் திணறின.

கேள்வி: நிரல் பிழையைக் குறிக்கும் ‘பக்’ என்ற சொல் கணினிக்குள் சிக்கிய பூச்சியால் வந்ததா? (மாணவி, கோப்பாய்)

பதில்: 1947இல் ஹாவார்ட் மார்க் 2 கணினியில் விட்டில்பூச்சி சிக்கியது உண்மை, அதைக் குறிப்பேட்டில் ஒட்டியும் வைத்தார்கள். ஆனால் எடிசன் 1878இலேயே இயந்திரக் கோளாறை அந்தச் சொல்லால் குறித்திருக்கிறார்.

கேள்வி: தம்பி, கனடாவில் இருக்கும் மச்சாளின் இலக்கத்திலிருந்து, உங்களுக்குத் தவறுதலாக வந்த ஆறு இலக்கங்களை அனுப்புங்கள் என்று செய்தி வந்தது. அனுப்பினேன். இப்போது என் வட்ஸ்அப் திறக்கவில்லை. இதுவும் ஹக்கிங்கா? (தாயார், கோண்டாவில்)

பதில்: இதைச் ‘சோஷல் எஞ்ஜினியரிங்’ என்பார்கள் அம்மா, கணினியை உடைக்காமல் மனிதரின் நம்பிக்கையைப் பயன்படுத்துவது. உங்கள் மச்சாளின் கணக்கும் இதே விதமாகத்தான் பறிபோயிருக்கும். அந்த ஆறு இலக்கங்களே உங்கள் கணக்கின் திறவுகோல். உடனே வட்ஸ்அப்பில் உங்கள் இலக்கத்தை மீண்டும் பதிவு செய்து, குறுஞ்செய்தியில் வரும் புதிய இலக்கங்களை இடுங்கள், மற்றவர் வெளியேற்றப்படுவார். உங்களுக்குத் தெரியாத ‘பின்’ (PIN) எனும் இரகசிய இலக்கமொன்றைக் கேட்டால், கணக்கைப் பறித்தவர் இருபடிச் சரிபார்ப்பைப் போட்டிருக்கிறார் என்று பொருள். ஏழு நாட்கள் காத்திருந்தால் அது இல்லாமலே நுழையலாம். உள்ளே வந்ததும் உங்கள் சொந்த ‘பின்’ இலக்கத்தைப் போட்டுவிடுங்கள். அதற்கு முன், உங்கள் பெயரில் பணம் கேட்டுச் செய்தி வந்தால் அனுப்ப வேண்டாம் என்று உறவினருக்கும் மச்சாளுக்கும் சாதாரண தொலைபேசி அழைப்பில் சொல்லிவிடுங்கள்.