தூக்கம், மாத்திரை, கண்ணீர்: ஆயுர்வேத வைத்தியரின் பதில்கள்

பட்டர்வொர்த்தில் ஆயுர்வேதம் பார்க்கிறேன். மனநலம் பற்றி வந்த கேள்விகளுக்கு என்னால் முடிந்த வரை பதில் எழுதுகிறேன். வந்த வரிசைப்படிதான் எழுதியிருக்கிறேன். ஒரு கேள்வியை மட்டும் முன்னால் கொண்டுவந்துவிட்டேன்.

கேள்வி: சில நாள் உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை. இதற்கு மருந்து உண்டா? வெளியே சொன்னால் போலீஸ் கேஸ் ஆகுமா? (பெயர் வேண்டாம்)

ஆகாது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த 309-ஆவது பிரிவை மலேசியாவில் 2023-இல் எடுத்துவிட்டார்கள். இன்றைக்கே யாரிடமாவது பேசுங்கள். மனம்விட்டுப் பேசக் காது கொடுக்கும் கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929, 24 மணி நேரமும் ஆள் இருப்பார்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 'ஹீல்' 15555. மனசு கட்டுக்குள் இல்லை என்று தோன்றினால் காத்திருக்காமல் 999-ஐக் கூப்பிடுங்கள், அல்லது வீட்டில் ஒருவரை எழுப்பிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். என்னிடம் வந்திருந்தாலும் நான் உங்களை அங்கேதான் கூட்டிப்போவேன். எண்ணெயும் லேகியமும் அப்புறம்.

கேள்வி: பாயான் லெப்பாசில் இரவு ஷிப்ட். காலையில் வந்து படுத்தால் பத்து மணிக்கே முழிப்பு. நெஞ்சு படபடக்கிறது, பிள்ளைகளிடம் கத்துகிறேன். (வயது 34)

தம்பி, வேலை விட்டதும் நேரே வீட்டுக்கா? வழியில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் உண்டா? என்னிடம் வரும் ஷிப்ட் ஆட்களிடம் முதலில் இதைத்தான் கேட்பேன். பெரும்பாலும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள்.

அஷ்டாங்க ஹிருதயம் என்ற பழைய ஆயுர்வேத நூலில் வாக்பட்டர் இதற்கென்றே ஒரு கணக்கு சொல்கிறார். பழக்கமில்லாமல் இரவில் கண் விழித்தவர், விழித்த நேரத்தில் பாதியைக் காலையில் சாப்பிடாமல் தூங்கித் தீர்க்க வேண்டும். எட்டு மணி நேரம் விழித்திருந்தால் நாலு மணி நேரம். வயிறு முட்டச் சாப்பிட்டு, தேயிலையும் குடித்துவிட்டுப் படுத்தால் பத்து மணிக்கு முழிப்பு வராமல் என்ன செய்யும்? இரவு விழிப்பு உடம்பை வறட்டும் என்கிறார் சரகர், சரக சம்ஹிதை என்ற பழைய ஆயுர்வேத நூலின் ஆசிரியர். வறட்சி, உடம்பின் மூன்று தோஷங்களில் (வாதம், பித்தம், கபம்) ஒன்றான வாதத்தின் குணம். வாதம் ஏறினால் மனசு ஓரிடத்தில் நிற்காது. பயமும் படபடப்பும் கூடவே வரும்.

ஒரு மாதம் இதைச் செய்து பாருங்கள். வீட்டுக்கு வந்து வெந்நீரில் குளியுங்கள். நல்லெண்ணெய் ஒரு கரண்டி எடுத்து, கிண்ணத்தோடு வெந்நீரில் வைத்து இளஞ்சூடாக்குங்கள். குதிகாலில் தொடங்கி விரல் இடுக்கு வரை கட்டைவிரலால் அழுத்தித் தேயுங்கள். முதலில் வழுக்கும். தோல் எண்ணெயைக் குடிக்கக் குடிக்க விரல் பிடிக்க ஆரம்பிக்கும். அதுதான் அளவு, ஒரு காலுக்கு ஐந்து நிமிடம் ஆகும். பழைய காலுறையைப் போட்டுக்கொள்ளுங்கள், டைல்ஸ் தரையில் வழுக்கி விழ வேண்டாம். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போடுங்கள். இனிப்பு நீர் (நீரிழிவு) இருந்தால் வெறும் வயிற்றோடு தூங்கும் யோசனை உங்களுக்கு இல்லை, டாக்டரைக் கேளுங்கள். படபடப்புக்காக ஒரு தடவை கிளினிக்கில் இதயமும் தைராய்டும் பார்த்துவிடுவது நல்லது.

கேள்வி: மனச்சோர்வு மாத்திரை ஒரு வருடமாகச் சாப்பிடுகிறேன். அஸ்வகந்தாவுக்கு மாறிவிடலாமா? இயற்கைதானே, பக்கவிளைவு இருக்காதே. (செந்தூல்)

மாறாதீர்கள் அக்கா. அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை வரும், பழைய சோர்வும் திரும்பி வரலாம். குறைப்பதென்றால் எழுதிக் கொடுத்த டாக்டர் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

அஸ்வகந்தா, நம் அமுக்கரா, நல்ல மூலிகைதான். நானும் கொடுக்கிறேன். ஆனால் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்க மாட்டேன். தைராய்டு மாத்திரையோ தூக்க மாத்திரையோ சாப்பிடுபவருக்கு யோசித்துத்தான் கொடுப்பேன். அபூர்வமாகக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. 'இயற்கைதானே' என்று சொல்பவர்களுக்கு நான் சர்ப்பகந்தாவை நினைவுபடுத்துவேன். மனநோய்க்கு இந்தியாவில் காலங்காலமாகக் கொடுத்த வேர் அது. 1952-இல் அதிலிருந்து ரெசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்து, ரத்தக் கொதிப்புக்கும் மனநோய்க்கும் உலகம் முழுக்கக் கொடுத்தார்கள். சாப்பிட்டவர்களில் சிலருக்கு மனச்சோர்வு வந்ததாகவும் பதிவாகியிருக்கிறது. வேலை செய்கிற எந்த வேருக்கும் இன்னொரு முகம் உண்டு.

எதை வாங்கினாலும் டப்பாவில் MAL என்று தொடங்கி T என்று முடியும் பதிவு எண்ணும் ஹாலோகிராம் ஒட்டும் இருக்கிறதா பாருங்கள். ஊரிலிருந்து யாரோ பையில் கட்டிக்கொண்டு வந்த பஸ்பம் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: மகனுக்கு 22 வயது. யாரோ பேசுவது போல் கேட்கிறதாம், தனியாகச் சிரிக்கிறான். ஆகாதவர்கள் ஏதோ வைத்துவிட்டார்கள் என்று இரண்டு கோயிலுக்குக் கூட்டிப்போனோம். ஆயுர்வேதத்தில் வழி உண்டா? (சுங்கை பூலோ)

அம்மா, கோயிலுக்குப் போவதை நான் தடுக்கவில்லை. ஆனால் இந்த வாரமே அரசாங்க கிளினிக்கில் காட்டி, மனநல மருத்துவருக்குக் கடிதம் வாங்குங்கள். இந்த நோய்க்குச் சீக்கிரம் மருந்து தொடங்கினால் பிள்ளை படிப்புக்கும் வேலைக்கும் திரும்ப வாய்ப்பு கூடுதல். ஒவ்வொரு மாதமும் தள்ளிப்போவது அவனுக்குத்தான் நஷ்டம்.

சரகர் உன்மாதத்தை, அதாவது புத்தி கலங்கும் நோயை, ஐந்து வகையாகப் பிரித்து எழுதினார். அதே இடத்தில், தானாகக் கலங்காதவனைத் தேவரோ கந்தர்வரோ பிசாசோ ராட்சசரோ வந்து கலக்குவதில்லை என்றும் சொன்னார். அதற்காக மகன்மேல் தப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவன் மேலும் இல்லை, உங்கள் மேலும் இல்லை. மருந்து பிடித்து அவன் நிலையான பிறகு, தூக்கத்துக்கும் சாப்பாட்டுக்கும் நான் கூட நிற்கிறேன்.

கேள்வி: மகள் எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு எழுதுகிறாள். பயத்தில் படித்தது மறக்கிறது. ஞாபகத்துக்கு வல்லாரை லேகியம் எங்கே கிடைக்கும்?

லேகியத்தைத் தேடி அலையாதீர்கள், பசாரில் பெகாகா என்று கட்டுக்கட்டாக விற்கிறார்களே, அதுதான் வல்லாரை. சரகர் புத்திக்குச் சொன்ன நாலு ரசாயனங்களில், அதாவது தேற்றும் மருந்துகளில், முதலாவது அதன் சாறுதான். மலாய்க்காரர்கள் ஊலாமாக, பச்சையாகச் சாப்பிடுவது போல, அல்லது துவையலாக, வாரம் இரண்டு மூன்று நாள் கொடுங்கள். ஆனால் மறதிக்குக் காரணம் பயம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எத்தனை ஏ என்று கேட்பதை வீட்டில் கொஞ்ச நாள் நிறுத்திப் பாருங்கள்.

கேள்வி: சிரோதாரா செய்தால் டென்ஷன் போய்விடுமா?

செய்த அன்று மனசு நன்றாக அடங்கும், தூக்கம் வரும். நெற்றியில் எண்ணெய் ஒரே சீராக விழுவதில் அவ்வளவு சுகம் இருக்கிறது. ஆனால் டென்ஷனுக்குக் காரணம் அலுவலகத்தில் இருந்தால் அது அங்கேயே காத்திருக்கும்.

கேள்வி: கவுன்சலிங் எல்லாம் வெள்ளைக்காரர்கள் கண்டுபிடித்தது. நமக்கு மூலிகை போதாதா? (பிரிக்பீல்ட்ஸ்)

இந்தக் கேள்விக்காகத்தான் நான் எழுதவே உட்கார்ந்தேன், ஐயா. சரக சம்ஹிதை சூத்திர ஸ்தானத்தில் மருத்துவம் மூன்று வகை என்று வருகிறது. மந்திரம், வழிபாடு ஒன்று. உணவும் மருந்தும் ஒன்று. மூன்றாவது சத்வாவஜயம், அதாவது கெடுதலானவற்றிலிருந்து மனசைத் திருப்பிப் பிடிப்பது. உடம்புக்கு வாத பித்த கபம் என்றால் மனசுக்கு ரஜஸும் (பரபரப்பு) தமஸும் (மந்தம்) தோஷம். உடம்பின் தோஷத்துக்கு மருந்து சொன்னவர், மனசின் தோஷத்துக்கு அறிவு, தைரியம், நினைவு, ஒருமுகம் என்று வரிசை வைத்தார். கஷாயத்தை அந்த வரிசையில் சேர்க்கவில்லை. இதையெல்லாம் ஒருவர் தனியாக உட்கார்ந்து செய்துகொள்ள முடியுமா? பக்கத்தில் பேசவும் கேட்கவும் ஆள் வேண்டாமா? கவுன்சலர் முன்னால் உட்காருபவர் நம் மரபைவிட்டு எங்கேயும் போய்விடவில்லை.

கேள்வி: மனைவி போய் ஐந்து மாதம். ஆம்பிளை அழக்கூடாது என்கிறார்கள். அடக்கி அடக்கித் தலை கனக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை. (வயது 61, ஜெலுத்தோங்)

அழுங்கள் அண்ணே. அடக்கக்கூடாத வேகங்கள், அதாவது உடம்பின் உந்துதல்கள், என்று சரகர் பதின்மூன்றை எண்ணுகிறார். சிறுநீர், பசி, தூக்கம், தும்மல் என்று போகும் அந்த வரிசையில் கண்ணீரும் இருக்கிறது. அடக்க வேண்டியவை என்று கோபத்தையும் பேராசையையும் பொறாமையையும் தனியாக எழுதியிருக்கிறார். நம் வீடுகளில் இது தலைகீழாக இருக்கிறது: ஆம்பிளை கத்தலாம், அழக்கூடாது.

கண்ணீரை அடக்கினால் கண் நோய், இதய நோய், தலைசுற்றல், சாப்பாட்டில் வெறுப்பு வரும் என்கிறது அந்த நூல். நீங்கள் சொன்ன சாப்பாடு இறங்காத கதை அதிலேயே இருக்கிறது. அதற்கு வைத்தியமும் அங்கேயே உண்டு: தூக்கம், மது, பிரியமான பேச்சு. மதுவை நான் யாருக்கும் சொல்வதில்லை. மற்ற இரண்டும் உங்களுக்கு வேண்டும். எடை இறங்கிக்கொண்டே போனால் டாக்டரையும் பாருங்கள். இந்த ஞாயிறு, அண்ணியை நன்றாகத் தெரிந்த ஒருவரைக் கோப்பிக்குக் கூப்பிடுங்கள். அண்ணி வைக்கும் குழம்பைப் பற்றிப் பேச்சை ஆரம்பியுங்கள்.