ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’ நாடகத்தில் வரும் கடினச் சொற்கள்: கேள்வி பதில்

கேள்வி: இரண்டாம் அங்கத்தில் வரும் ‘இன்கார்னடைன்’ என்ற சொல்லை அகராதி பார்க்காமல் எப்படிப் புரிந்துகொள்வது?

பதில்: அடுத்த வரியைப் படியுங்கள். அரசர் டங்கனைக் கொன்றுவிட்டு வந்த மேக்பெத், கடல் நீரெல்லாம் சேர்ந்தாலும் இந்த ரத்தம் போகாது, என் கைதான் கடலைச் சிவக்கவைக்கும் என்கிறான். ‘மல்டிடியூடினஸ்’, ‘இன்கார்னடைன்’ என்று வாய்கொள்ளாத இரண்டு சொற்கள். உடனே ‘க்ரீன்’, ‘ரெட்’ என்று சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சொற்களில் அதையே மறுபடி சொல்கிறான். தரை டிக்கெட்டில் நின்று பார்ப்பவனுக்கும் புரியவேண்டுமே! முரட்டுச் சொல் வந்தால் முன்னும் பின்னும் இரண்டு வரி பாருங்கள். அப்புறம் அகராதி.

கேள்வி: சொற்பொருள் பட்டியல் பிடிஎஃப் கிடைக்குமா?

பதில்: என்னிடம் இல்லை. அடிக்குறிப்புள்ள பதிப்பாக வாங்குங்கள்.

கேள்வி: ‘ஹார்பிஞ்சர்’ என்றால் அறிகுறிதானே?

பதில்: இன்றைக்கு அப்படி. அன்றைக்கு, அரசர் தங்கப்போகும் இடத்துக்கு முன்னதாகவே போய் ஏற்பாடு செய்யும் ஆள். டங்கன் வருவதை மனைவியிடம் சொல்ல நானே முன்னால் போகிறேன் என்கிறான் மேக்பெத். என்ன ஏற்பாடு நடந்தது என்று உங்களுக்கே தெரியும். தெரிந்த சொல் என்று தாண்டிப் போகாதீர்கள். ‘அடிஷன்’ இங்கே பட்டம்; ‘ஓ’ (owe) சில இடங்களில் கடன்படுவது அல்ல, உடைமையாக வைத்திருப்பது.

கேள்வி: ஷேக்ஸ்பியர் 1,700 சொற்களை உருவாக்கினாராமே?

பதில்: ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காக 19ஆம் நூற்றாண்டில் தன்னார்வலர்கள் நூல்களைப் படித்து, சொல் வரும் வரிகளைச் சீட்டில் எழுதி அனுப்பினார்கள். ஒரு சொல்லுக்குக் கிடைத்த மிகப் பழைய வரி ஷேக்ஸ்பியருடையது என்றால், அவரே உருவாக்கினார் என்று எண்ணிக்கொண்டார்கள். ஷேக்ஸ்பியரை விழுந்து விழுந்து படித்தார்கள். அவர் காலத்துச் சில்லறைப் பிரசுரங்களை அந்த அளவுக்கு யார் படித்தார்கள்? பழைய நூல்களைக் கணினியில் தேட முடிந்தபின், அவர் பெயரில் இருந்த பல சொற்களுக்கு முந்தைய சான்று கிடைத்துவிட்டது.

கேள்வி: அப்படியானால் அவர் மேதை இல்லை என்கிறீர்களா?

பதில்: நான் எங்கே அப்படிச் சொன்னேன்? எண்ணிக்கையை வைத்து மேதைமையை அளக்க வேண்டாம் என்கிறேன். ‘இன்கார்னடைன்’ சொல்லையே எடுங்கள். ஊன் நிறத்தைச் சொல்லும் பெயரடையாக ஏற்கெனவே இருந்தது. மேக்பெத்தில் அது கடலையே சிவக்கவைக்கும் வினை. அதைப் பேசலாம், வாருங்கள்.

கேள்வி: 1,700 என்று எங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறதே?

பதில்: இருக்கட்டும்.

கேள்வி: வாயிற்காவலன் சொல்லும் ‘இக்விவொகேட்டர்’ யார்?

பதில்: இரட்டை அர்த்தத்தில் பேசி, பொய் சொல்லாமலே ஏமாற்றுபவன். இங்கிலாந்து அரசரைக் கொல்லத் தீட்டிய 1605 வெடிமருந்துச் சதி வழக்கில், மறுவருடம் தூக்கிலிடப்பட்ட ஏசு சபைப் பாதிரியார் ஹென்றி கார்னெட்டை ஒட்டி அடிபட்ட சொல் இது. அந்தக் குத்தல் அவருக்குத்தான் என்பது பலர் கருத்து.

கேள்வி: ஐயா, அந்தப் பட்டியல் பிடிஎஃப்...

பதில்: மேலே பாருங்கள் தம்பி.