பாக்கெட் ரேடியோவுக்கு எந்த ஓ.எஸ்.? வாசகர் கேள்விகள்

இப்போதுதான் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) லைசென்ஸ் வந்தது. கையில் இருப்பது விண்டோஸ் லேப்டாப். பாக்கெட் ரேடியோவுக்கு (கணினித் தகவலைச் சிறு பொட்டலங்களாக ரேடியோ வழி அனுப்பும் முறை) லினக்ஸுக்கு மாறித்தான் ஆகவேண்டுமா?

வேண்டியதில்லை. சவுண்ட் கார்டையே மோடமாக்கும் யூஇசட்7எச்ஓ சவுண்ட்மோடம் என்ற நிரல் விண்டோஸில் நன்றாகவே ஓடும். முதலில் கேட்டுப் பழகுங்கள். சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்கு மேல் கடக்கும்போது 145.825 மெகாஹெர்ட்ஸில் வைத்துப் பாருங்கள். அதன் பாக்கெட் கருவி இயக்கத்தில் இருந்தால் சாதாரண ஆன்டெனாவிலேயே எழுத்துகள் திரையில் வரும்.

அனுப்ப ஆரம்பிக்கும்போது ரேடியோவுக்கென்று தனி யூஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்கிவிடுங்கள். அதை டிஃபால்ட் ஆக்க வேண்டாம். ஒலி வந்ததும் தானே அனுப்பத் தொடங்கும் வாக்ஸ் முறையில் பிடிடி (ரேடியோவை அனுப்ப வைக்கும் விசை) வைத்திருந்தால், மெயில் வந்ததற்கான 'டிங்' ஒலிகூட டிரான்ஸ்மிட்டரைத் தட்டிவிடும். ஆடியோ என்ஹான்ஸ்மென்ட் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். 1200 பாட் (வினாடிக்கு 1200 பிட் வேகம்) பாக்கெட் என்பது 1200, 2200 ஹெர்ட்ஸ் ஆகிய இரண்டு தொனிகள்தான். அவற்றை 'இனிமையாக்க' வரும் எதுவும் கெடுதல்தான்.

ராப்பகலாக ஓடும் நோடு (மற்றவர்களின் பாக்கெட்டுகளை வாங்கி அனுப்பும் நிலையம்) வைக்க ஆசை. எது நல்லது?

லினக்ஸ். ராஸ்பெரி பை என்ற சிறு கணினி ஒன்றில் டைர்வுல்ஃப் (சவுண்ட் கார்டை மோடமாக்கும் நிரல்), அதன்மேல் லின்பிபிக்யூ (நோடு நிரல்). அப்டேட்டுக்காக நடுராத்திரியில் தானே ரீஸ்டார்ட் ஆகும் கணினியை நம்பி நோடு நடத்த முடியாது. ராஸ்பெரி பையில் மைக் உள்ளீடு கிடையாது என்பதால் இதற்கும் யூஎஸ்பி சவுண்ட் கார்டு தேவை.

லினக்ஸில் ஏஎக்ஸ்.25 (பாக்கெட் ரேடியோவின் தகவல் நெறிமுறை) இடைமுகம் உண்டாக்கி ஐபி முகவரி கொடுத்தேன். நான் எதுவும் செய்யாமலே ரேடியோ அவ்வப்போது டிரான்ஸ்மிட் ஆகிறது. வைரஸா?

வைரஸ் இல்லை. இதைக் கவனித்ததே பெரிய விஷயம், பலர் கவனிப்பதில்லை. புதிதாக ஒரு இடைமுகம் வந்ததும் கணினி அதை வீட்டு நெட்வொர்க் என்றே எடுத்துக்கொள்கிறது. பெரும்பாலும் அவாஹி என்ற சேவைதான் 'பிரின்டர் யாராவது இருக்கிறீர்களா?' என்கிற மாதிரி அதில் கேட்டுக்கொண்டிருக்கும். கேபிளில் அது ஒன்றுமே இல்லை. ரேடியோவில் கணக்குப் போடுங்கள்: 256 பைட் என்றால் 2048 பிட், 1200 பாடில் 1.7 வினாடி. டிரான்ஸ்மிட்டர் நிலைப்பட 0.3 வினாடி சேர்த்தால் இரண்டு வினாடி அலைவரிசை அடைபடும். அவ்வளவு நேரமும் மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். அதுவும் உங்கள் கால்சைனில், அதாவது உங்கள் அழைப்புக் குறியில்!

அவாஹியின் அமைப்புக் கோப்பில் அந்த இடைமுகத்தை விலக்கிவிடுங்கள். இணையப் போக்குவரத்து போகும் வழியான டிஃபால்ட் ரூட் ரேடியோ பக்கம் போகக் கூடாது. அப்புறம், தகவலை மறையாக்கி அனுப்பும் எஸ்எஸ்எச் வேண்டாம். அமெச்சூர் அலைவரிசையில் செய்தியை மறைத்து அனுப்ப அனுமதியில்லை. ஐபி தேவையே இல்லையென்றால் இன்னும் நல்லது: டைர்வுல்ஃபும் லின்பிபிக்யூவும் ஏஎக்ஸ்.25-ஐத் தாங்களே கையாளும். லினக்ஸின் உட்கருவான கர்னல் பக்கமே போகவேண்டாம்.

பழைய டாஸ் கணினியைத் தூக்கிப் போடவா?

போடாதீர்கள். கிஸ் முறை (கணினியோடு பாக்கெட்டுகளைப் பரிமாறும் எளிய முறை) உள்ள டிஎன்சி (ரேடியோவுக்கான மோடம் பெட்டி) ஒன்று கிடைத்தால் சீரியல் போர்ட்டில் செருகி ஜேநாஸ் என்ற பாக்கெட் நிரலை ஏற்றுங்கள். மோடம் வேலையை டிஎன்சியே பார்த்துக்கொள்வதால் கணினிக்குப் பெரிய வேகம் தேவையில்லை. ஃபில் கார்ன் (கால்சைன் கேஏ9க்யூ) எழுதிய நாஸ் என்ற நெட்வொர்க் நிரலின் வழிவந்தது அது. டாஸ் காலத்துக் கணினிகளில் ஓடத்தான் உருவானது.