இ. பி. தாம்சன்: கேட்டீர்கள், சொல்கிறேன்

பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் எட்வர்ட் பால்மர் தாம்சன் பற்றிக் கேட்கலாம் என்று சொன்னதும் நிறைய கேள்விகள் வந்துவிட்டன. இவரை இருபது வருடமாகப் படித்து வருகிறேன், அந்தத் தைரியத்தில் பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: சார், நான் பி.ஏ. வரலாறு முதல் வருடம். பெயர் மட்டும்தான் தெரியும். யார் இவர்?

1924இல் ஆக்ஸ்போர்டில் பிறந்தவர், 1993இல் இறந்தார். அப்பா வங்காளத்தில் பாங்குராவில் மிஷனரியாக இருந்து கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுத்தவர், தாகூருக்குப் பழக்கமானவர், அதனால் வீட்டில் இந்தியாவைப் பற்றிய பேச்சு எப்போதும் உண்டு. கேம்பிரிட்ஜில் படிக்கும்போது கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரில் இத்தாலியில் டாங்கிப் படையில் இருந்தார். அண்ணன் ஃபிராங்க் பல்கேரியாவில் எதிர்ப்புப் படையினரோடு சேர்ந்து போராடும்போது பிடிபட்டு, 1944இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த இழப்பு இவரைக் கடைசி வரை விடவில்லை, அண்ணனைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்.

கேள்வி: முனைவர் பட்டமே வாங்காதவர் என்கிறார்களே, உண்மையா? அப்புறம் எப்படிப் பல்கலைக்கழகத்தில் வேலை?

உண்மைதான். 1948இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் வெளிவகுப்புத் துறையில் சேர்ந்தார். பகலில் வேலை பார்த்துவிட்டு மாலையில் படிக்க வருபவர்களுக்கு, அவர்கள் இருக்கும் ஊருக்கே போய் நடத்தும் வகுப்புகள் அவை. குடும்பம் ஹாலிஃபாக்ஸில். யார்க்‌ஷயரின் கம்பளி ஊர்களில் பதினேழு வருடம் இப்படிச் சுற்றினார். என்னைக் கேட்டால் இவருடைய படிப்பு அங்கேதான் நடந்தது. ஆலைத் தெருவில் வளர்ந்தவர்களிடம் ஆலையின் வரலாற்றைப் பேசும்போது வாத்தியார் சும்மா அளந்துவிட முடியாது, எதிரே இருப்பவருக்கு அந்தத் தறியும் தெரியும், தெருவும் தெரியும். தன் பெரிய புத்தகத்தின் முன்னுரையில் அந்த வகுப்புகளுக்கு வந்தவர்களிடமிருந்து நிறையக் கற்றுக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார்.

கேள்வி: அந்தப் பெரிய புத்தகத்தில் அப்படி என்ன இருக்கிறது? 800 பக்கத்தைப் பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது அண்ணா.

பயப்படாதே தம்பி, கதை போலப் போகும். ‘The Making of the English Working Class’ என்று பெயர், இங்கிலாந்தில் தொழிலாளி வர்க்கம் உருவான கதை, 1963இல் வந்தது. 1792 ஜனவரியில் லண்டனில் ஒரு மதுக்கடையில் ஒன்பது பேர் கூடுகிறார்கள். ரொட்டி, பாலாடைக்கட்டி, கருப்பு பீர், கொஞ்சம் புகையிலை. செருப்புத் தைக்கும் தாமஸ் ஹார்டிதான் கூட்டியவர். ஒரு அரசியல் சங்கம் தொடங்குகிறார்கள். வாரம் ஒரு பென்னி சந்தா, எல்லோருக்கும் வாக்குரிமை வேண்டும், உறுப்பினர் எண்ணிக்கைக்கு வரம்பே கிடையாது என்று முடிவு செய்கிறார்கள். இந்தக் கடைசி விஷயத்தை விடாமல் பிடித்துக்கொள்கிறார் தாம்சன். அரசியல் என்பது சொத்துள்ள சிலருடைய காரியம் என்றிருந்த நாட்டில், யார் வேண்டுமானாலும் வரலாம் என்று ஒரு செருப்புத் தொழிலாளி கதவைத் திறந்து வைப்பது எவ்வளவு பெரிய விஷயம்!

வர்க்கம் என்பது ஆலை வந்ததும் தானாக முளைத்துவிடும் பொருள் இல்லை, மனிதர்களுக்கு நடுவே நடக்கும் ஒன்று, தொழிலாளிகள் தங்களை உருவாக்கிக்கொண்டதில் அவர்களுக்கே பங்கு உண்டு, இதுதான் அவருடைய வாதம்.

கேள்வி: லுடைட்டுகள் என்றால் இயந்திரம் பிடிக்காத பழமைவாதிகள்தானே? அவர்களை ஏன் தூக்கிவைத்துப் பேசுகிறார்?

இந்த எண்ணத்தைத்தான் அவர் உடைத்தார். லுடைட்டுகள் என்பது அன்று இயந்திரங்களை உடைத்த தொழிலாளிகளுக்குப் பெயர். 1811இல் நாட்டிங்காம் பக்கம் காலுறை பின்னுபவர்கள் எல்லாப் பின்னல் இயந்திரத்தையும் உடைக்கவில்லை. கூலியைக் குறைத்தவன், மட்டமான சரக்கு போட்டுத் தொழிலின் பெயரைக் கெடுத்தவன், இவர்களுடைய இயந்திரங்களைப் பார்த்துப் பார்த்து உடைத்தார்கள், பக்கத்தில் இருந்ததைத் தொடவில்லை. யார்க்‌ஷயரில் கம்பளித் துணியின் பிசிறைக் கத்தரித்துச் சமன் செய்யும் தொழிலாளிகள் பெரிய சம்மட்டியோடு போனார்கள், அதற்குப் பெயர் ‘ஈனாக்’. அந்த இயந்திரங்களைச் செய்த கொல்லனின் பெயரும் ஈனாக்தான். செய்ததும் ஈனாக், உடைப்பதும் ஈனாக் என்பார்களாம். 1812இல் இயந்திரத்தை உடைத்தால் தூக்கு என்று சட்டமே போட்டார்கள். 1813 ஜனவரியில் யார்க் நகரில் 17 பேரைத் தூக்கில் போட்டார்கள்.

தோற்றுப்போனவர்களைப் பின்னால் வந்த நாம் ஏளனமாகப் பார்க்கிறோம், அதிலிருந்து அவர்களை மீட்பதுதான் தன் வேலை என்று முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார். அந்த வரியை எப்போது படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

கேள்வி: கட்சியை விட்டு ஏன் விலகினார்?

1956, ஹங்கேரிக்குள் சோவியத் டாங்கிகள் நுழைந்தது. அதற்கு முன்பே கட்சியில் இருந்த இன்னொரு வரலாற்றாசிரியர் ஜான் சாவிலோடு சேர்ந்து கட்சிக்குள் விவாதம் கேட்டு ஒரு பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தார். கட்சி அதை நிறுத்தச் சொன்னது, இவர்கள் கேட்கவில்லை. கட்சியை விட்டாரே தவிர சோஷலிசத்தை விடவில்லை.

கேள்வி: நேரத்தைப் பற்றி ஏதோ கட்டுரை எழுதினாராமே?

1967இல் எழுதியது. புதிதாகப் படிப்பவர்கள் இதிலிருந்து தொடங்குங்கள், ஒரே நாளில் முடித்துவிடலாம். மடகாஸ்கரில் அரை மணி நேரத்தை ‘ஒரு சோறு வேகும் நேரம்’ என்பார்களாம், ஒரு கணத்தை ‘வெட்டுக்கிளி வறுபடும் நேரம்’ என்பார்களாம். கண் மூடித் திறப்பதற்குள் என்று சொல்லி வளர்ந்த நமக்கு இது உடனே புரியும். அப்படி வேலையை வைத்து நேரத்தைச் சொன்ன மனிதர்களை ஆலை எப்படிக் கடிகாரத்துக்குப் பழக்கியது என்பதுதான் கட்டுரை. டண்டீ ஆலையில் சிறுவனாக வேலை பார்த்த ஒருவரின் சாட்சியத்தை எடுத்துக் காட்டுகிறார்: முதலாளிகள் கடிகாரத்தைக் காலையில் முன்னே தள்ளி வைப்பார்கள், ராத்திரி பின்னே தள்ளி வைப்பார்கள். தொழிலாளி சட்டைப்பையில் கடிகாரம் வைத்துக்கொள்ளவே பயப்படுவான், நேரம் தெரிந்தவனை வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்கள்.

கேள்வி: பெண்களைப் பற்றி அவர் சரியாக எழுதவில்லை என்று எங்கள் பேராசிரியை சொன்னார்.

சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அமெரிக்க வரலாற்றாசிரியர் ஜோன் ஸ்காட் இதை விரிவாகவே விமர்சித்திருக்கிறார். அந்தப் புத்தகத்தில் பெண்கள் வருகிறார்கள், ஆனால் தொழிலாளி என்றதும் மனதில் வரும் உருவம் ஆண்தான். இத்தனைக்கும் மனைவி டோரதி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாக்குரிமை கேட்டுத் தொழிலாளிகள் நடத்திய சார்ட்டிஸ்ட் இயக்கத்தின் முக்கியமான வரலாற்றாசிரியர். அவரைத் தனியாகப் படியுங்கள், யாருடைய மனைவி என்பதை மறந்துவிட்டுப் படியுங்கள்.

கேள்வி: வார்விக் பல்கலைக்கழகத்தில் பேர் வாங்கிய பிறகு வேலையை ஏன் விட்டார்?

1965இல் அங்கே போய்ச் சமூக வரலாற்று மையத்தை நடத்தினார். 1970இல் பதிவாளர் அலுவலகத்தில் புகுந்து உட்கார்ந்த மாணவர்கள், ஆட்களின் அரசியலைக் கண்காணித்த கோப்புகளைக் கண்டெடுத்தார்கள். தாம்சன் மாணவர்கள் பக்கம் நின்றார், பல்கலைக்கழகம் தொழில் முதலாளிகளின் கைக்குள் போய்விட்டது என்று எழுதினார், அடுத்த வருடம் வெளியே வந்துவிட்டார். அதன்பிறகு முழுநேர எழுத்து. 1980களில் அணு ஆயுதத்துக்கு எதிராக ஐரோப்பா முழுக்க மேடை மேடையாகப் பேசினார். ஆராய்ச்சி வேலைகள் அந்த வருடங்களில் தள்ளிப் போயின, பதினெட்டாம் நூற்றாண்டு மக்களின் வழக்காறுகள் பற்றிய தொகுப்பு 1991இல்தான் வந்தது.