அசெம்பிளி தெரியாமல் ஜிடிபியில் ரிவர்ஸ் இன்ஜினியரிங் தொடங்க முடியுமா?

சி மொழி ஓரளவு தெரியும், அசெம்பிளியை (பிராசசரின் கட்டளைகளை எழுதும் மொழி) முழுக்கப் படித்துவிட்டுத்தான் ஜிடிபி போன்ற டீபக்கர் (ஓடும் புரோகிராமை நிறுத்தி உள்ளே பார்க்கும் கருவி) பக்கம் வரவேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டியதில்லை. இரண்டையும் சேர்த்தே கற்கலாம். ஆனால் ரிவர்ஸ் இன்ஜினியரிங்கில், அதாவது ஒரு புரோகிராமைப் பிரித்து அது எப்படி இயங்குகிறது என்று ஆராய்வதில், முதலில் எடுப்பது நீங்களே எழுதிய புரோகிராமாக இருக்கட்டும். விடை கையில் இருக்கும்போதுதான் அசெம்பிளியின் ஒவ்வொரு வரியும் எதற்கு என்பது பிடிபடும்.

லினக்ஸில், பாஸ்வேர்டு வாங்கி எஸ்டிஆர்சிஎம்பி (strcmp) ஃபங்ஷனால் ஒப்பிடும் சின்ன புரோகிராம் ஒன்று எழுதுங்கள். ஆப்டிமைசேஷன் இல்லாமல் கம்பைல் செய்து ஜிடிபியில் திறந்து, முதலில் 'ஸ்டார்ட்' கொடுங்கள். அதற்கு முன் தெரியும் முகவரிகள் பெரும்பாலும் வெறும் ஆஃப்செட்தான், அதாவது ஃபைலின் தொடக்கத்திலிருந்து எவ்வளவு தூரம் என்ற கணக்கு. ஓடத் தொடங்கிய பிறகே உண்மையான முகவரி வரும். அப்புறம் 'டிஸ்அசெம்பிள்' கொடுத்து, எஸ்டிஆர்சிஎம்பியை அழைக்கும் 'கால்' வரியில் பிரேக்பாயின்ட் (புரோகிராம் நிற்க வேண்டிய இடம்) வைத்து, 'கன்டினியூ' கொடுத்து, தப்பான பாஸ்வேர்டைத் தட்டுங்கள்.

நின்ற இடத்தில் ரெஜிஸ்டர்களை, அதாவது பிராசசருக்குள் மதிப்புகளை வைக்கும் சிறு இடங்களை, பாருங்கள். 64 பிட் இன்டெல், ஏஎம்டி லினக்ஸில் ஃபங்ஷனின் முதல் ஆர்கியூமென்ட் ஆர்டிஐ ரெஜிஸ்டரிலும் இரண்டாவது ஆர்எஸ்ஐயிலும் போகும். திரும்பி வரும் மதிப்பு ஆர்ஏஎக்ஸில் இருக்கும். ஒரு முகவரியில் உள்ள எழுத்துகளைக் காட்டும் 'எக்ஸ்/எஸ்' கட்டளையால் முதல் இரண்டையும் பார்த்தால் ஒன்றில் நீங்கள் தட்டியது, மற்றதில் சரியான பாஸ்வேர்டு! 'நெக்ஸ்ட்ஐ' கொடுத்து அந்த அழைப்பைத் தாண்டி, ஆர்ஏஎக்ஸைப் பூஜ்யமாக மாற்றிவிட்டு மேலே ஓடவிடுங்கள். பூஜ்யம் என்றால் இரண்டும் ஒன்றே என்று பொருள் என்பதால், தப்பான பாஸ்வேர்டையே புரோகிராம் ஏற்றுக்கொள்ளும். ஒப்பீடு, அதன் பின் வரும் டெஸ்ட், ஜம்ப் எல்லாம் அந்த நிமிடத்தில் விளங்கிவிடும். வெறும் பட்டியலாக அசெம்பிளியைப் படித்து இந்தத் தெளிவு வராது என்பது என் அனுபவம். வரைகலைக் கருவிகள் பிறகு வரட்டும். அவை சி போன்ற கோடை நேராகக் காட்டிவிடுவதால் ரெஜிஸ்டரைப் பார்க்கும் பழக்கமே வராமல் போகும்.

அடுத்து அதே புரோகிராமை ஆப்டிமைசேஷனோடு, ஓ2வில் (-O2), கம்பைல் செய்து ஒப்பிடுங்கள். பிறகு ஃபைலிலிருந்து ஃபங்ஷன் பெயர்களை நீக்கும் 'ஸ்ட்ரிப்' செய்யுங்கள். மெயின் என்ற பெயர் காணாமல் போகும். சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? 'இன்ஃபோ ஃபைல்ஸ்' என்ட்ரி பாயின்டை (புரோகிராம் ஓடத் தொடங்கும் முகவரி) காட்டும். அங்கிருந்து வரும் முதல் சில வரிகளிலேயே, சி லைப்ரரியின் தொடக்க ஃபங்ஷனை அழைக்கும் முன் ஆர்டிஐயில் ஒரு முகவரி ஏற்றப்படும். அதுதான் மெயின்.

இதெல்லாம் கைவந்த பிறகு, பயிற்சிக்கென்றே எழுதப்பட்ட கிராக்மீக்களுக்கு (பாஸ்வேர்டையோ சீரியலையோ கண்டுபிடிக்கச் சொல்லும் புதிர் புரோகிராம்கள்) போங்கள். அவற்றை விர்ச்சுவல் மெஷினுக்குள் (கணினிக்குள் தனியாக ஓடும் மாதிரிக் கணினி) மட்டும் திறங்கள். டீபக்கருக்குள் இருந்தாலும் அந்த பைனரி (கம்பைல் செய்த புரோகிராம் ஃபைல்) உங்கள் கணினியில் நிஜமாகத்தான் ஓடுகிறது.