ஜாஸ் வெகுசன இசையா?

கேள்வி: எனக்கு 21 வயது. கலியாண வீடுகளில் வாசிக்கும் இசைக்குழு ஒன்றில் சாக்ஸபோன் வாசிக்கிறேன். ஒரு வருடமாக ஜாஸ் பழகுகிறேன். கனடாவில் இருக்கும் மச்சான், "இங்கை எந்தக் கடைக்குப் போனாலும் ஜாஸ்தான் கேட்குது, அதுதான் மெயின்ஸ்ட்ரீம்" என்கிறார். குழுவில் உள்ளவர்களோ, "உது ஆருக்கும் விளங்காது, மினக்கெடாதை" என்கிறார்கள். யார் சொல்வது சரி? நான் தொடரலாமா?
— வாசகர், கோண்டாவில்

பதில்: அன்புள்ள தம்பி,

ஜாஸ் இன்று வெகுசன இசை அல்ல. அது பிறந்த அமெரிக்காவிலேயே 2014ஆம் ஆண்டு இசை நுகர்வில் அதன் பங்கு 2 வீதத்தைத் தொடவில்லை. மச்சான் போகும் கடைகளில் அது தணிந்த சத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும், கோப்பி குடிக்க வந்தவர் காதுகொடுப்பதில்லை.

ஆனால் 1935 தொடக்கம் ஏறக்குறைய 10 ஆண்டுகள் நிலைமை வேறு. நியூ ஓர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பின மக்களிடம் தோன்றிய இசை, ஸ்விங் என்ற பெயரில் நாட்டு இளைஞர் எல்லோரையும் ஆட வைத்தது. டியூக் எலிங்டன், கவுண்ட் பேஸி, பென்னி குட்மன் குழுக்கள்தான் அன்றைய வானொலி. (எலிங்டன் 1963இல் இலங்கைக்கும் வந்து வாசித்தார்.) பிறகு இரண்டாம் உலகப் போர். வாத்தியக்காரர் பலர் படைக்குப் போனார்கள். 1944இல் ஆட்டம் நடக்கும் விடுதிகளுக்குக் கடும் வரி வந்தது. 15 பேருக்குச் சம்பளம் கொடுத்துக் குழு நடத்துவது பெரும்பாடாயிற்று. சாக்ஸபோன்காரர் சார்லி பார்க்கரும் ட்ரம்பெட்காரர் டிஸ்ஸி கில்லெஸ்பியும் நாலைந்து பேரோடு சிறிய இடங்களில் வேகமாகவும் சிக்கலாகவும் வாசித்தார்கள். ஆட வந்த சனம் மெல்ல விலகியது. அதன் பிறகும் 1964 மே மாதத்தில், 62 வயது ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் பாடிய பாட்டொன்று பீட்டில்ஸ் குழுவைக் கீழே இறக்கி அமெரிக்கப் பாட்டுப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது.

"ஆருக்கும் விளங்காது" என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சிறு வயதில் திருவிழா இரவுகளில் கோயில் வீதி மணலில் இருந்து தவிற்சமா கேட்டு வளர்ந்தவன் நான். அளவெட்டி தட்சணாமூர்த்தி வாசிக்கிறார் என்றால் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் சனம் வரும். தோட்டத்தில் இறைத்துவிட்டு வந்தவருக்குத் தாளக் கணக்கு தெரியாது. ஆனால் ஒரு தவில் கேட்ட கேள்விக்கு மற்றத் தவில் பதில் சொல்லும் கணம் அவருக்குத் தெரியும், அந்த இடத்தில் தலை தானாக ஆடும். ஜாஸிலும் அதேதான் நடக்கிறது. சாக்ஸபோன் நாலு தாளவட்டம், டிரம்ஸ் நாலு தாளவட்டம் என்று மாறிமாறி வாசிப்பார்கள். இராகம் வாசிக்கும் நாதஸ்வரக்காரரைப் போலவே இவர்களும் அந்தந்தக் கணத்தில் கற்பனை செய்கிறார்கள். அதனால், தம்பி, இந்த மண்ணின் காதுக்கு ஜாஸ் அவ்வளவு அந்நியமில்லை.

தொடருங்கள். ஆனால் கலியாண வீட்டில் யாரும் கேட்டிராத அமெரிக்கப் பாட்டோடு தொடங்க வேண்டாம். எம்.எஸ்.விஸ்வநாதனின் அறுபதுகளின் கிளப் பாட்டுகளில் சாக்ஸபோனும் ட்ரம்பெட்டும் ஏற்கெனவே ஜாஸ் வாடையோடுதான் இருக்கின்றன. எல்லோருக்கும் மனப்பாடமான ஒன்றை எடுங்கள். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வரும் இடையிசையில் 16 தாளவட்டம் உங்களுக்கென்று கேட்டு வாங்குங்கள். பிறகு டிரம்ஸோடு நாலு நாலாக மாறி வாசித்து, நேரே பல்லவிக்கு வந்துவிடுங்கள். ஜாஸ்காரர்களும் அப்படித்தான் செய்தார்கள்: ஊரெல்லாம் முணுமுணுத்த நாடகப் பாட்டுகளை எடுத்துத்தான் தங்கள் கற்பனையை விரித்தார்கள்.

வீட்டில் ஜாஸ் சாக்ஸபோன்காரர் லெஸ்டர் யங் வாசித்தவற்றைக் கேளுங்கள். அவர் எங்கே மூச்சு விடுகிறார் என்று கவனியுங்கள். கோயிலில் மேளம் நடந்தால் நாதஸ்வரக்காரருக்குக் கிட்டப் போய் நின்று அதையே பாருங்கள்.

குழு முழுவதையும் ஒரேயடியாக இணங்க வைக்கப் பார்க்காதீர்கள். முதலில் டிரம்ஸ்காரரோடு தனியாக இருந்து அந்த 16 தாளவட்டத்தை இரண்டு கிழமை பழகுங்கள். வாசித்த பிறகு எழுதுங்கள். சனம் என்ன செய்தது என்று அறிய எனக்கு உண்மையாகவே ஆசை.