முத்திரையில் கை வைக்காதீர்கள்: பழைய பைப் புதுப்பிப்பது பற்றி கேள்வி பதில்

பழைய புகையிலை பைப்புகளைச் சுத்தம் செய்து பழைய நிலைக்குக் கொண்டுவருவது பற்றி நம்ம குமரி மாவட்டத்து ஆட்கள் கேட்டவற்றுக்கு, கேட்டவர் ஊர்ப்பெயரை முன்னால் போட்டு, இங்கே பதில் சொல்கிறேன். எனக்குத் தெரிந்தது மரம், எபோனைட், கொஞ்சம் வெள்ளி. எல்லாருக்கும் பொதுவாக ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புகையிலை போடும் கிண்ணத்தை ஒட்டிய கழுத்தில் கம்பெனிப் பெயரும் எண்ணும் அடித்திருக்கும். அதுதான் முத்திரை. அந்த இடத்தில் உப்புத்தாள் படக் கூடாது. அழுக்கு போனால் போதும், மரம் நூலளவும் போகக் கூடாது.

தடிக்காரன்கோணம்: அண்ணாச்சி, எனக்க தாத்தா மாறாமலை எஸ்டேட்டுல கணக்கு எழுதினவரு. அங்க இருந்த துரை ஊருக்குப் போகும்போது குடுத்த பைப்பு ஒண்ணு வீட்டுல கெடக்கு. வாயில வைக்கிற பாகம் பச்சையும் தவிட்டு நிறமுமா ஆயிட்டு. கறுப்பு பெயின்ட் அடிக்கலாமா?

பெயின்ட் வேண்டாம் தம்பி. அந்த ஸ்டெம் எபோனைட். நீங்கள் தினமும் பார்க்கிற ரப்பர்தான் அது. டயர் ரப்பருக்கு நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு கந்தகம் சேர்ப்பார்கள். எபோனைட்டுக்கு முப்பது பங்கு வரை சேர்த்து மணிக்கணக்கில் சூடாக்குவார்கள். கல்லுப் போல இறுகிக் கறுத்துவிடும். வெயிலும் ஈரமும் பட்டால் மேல்பரப்பு ஆக்சிஜனோடு சேர்ந்து நிறம் மாறும். நாக்கில் வைத்தால் கசக்கும், தேய்த்தால் கந்தக வாடை வரும். பார்க்க மோசமாக இருந்தாலும் கெட்டது மேல்தோல் மட்டும்தான்.

முதலில் ஸ்டெம்மைக் கழற்றுங்கள். நேராகப் பிடித்து இழுக்காமல் மெதுவாகத் திருகி எடுக்க வேண்டும். வரவில்லை என்றால் பைப்பை அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்துவிட்டுத் திருகிப் பாருங்கள். பலமாகத் திருகினால் உள்ளே போகும் முளை ஒடிந்து மரத்துக்குள் மாட்டிக்கொள்ளும். கழற்றியதும், குளோரின் இல்லாத, ஆக்சிஜன் வகைக் கறை நீக்கிப் பொடியை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஸ்டெம்மை மட்டும் சில மணி நேரம் ஊற வையுங்கள். ஸ்டெம்மில் கம்பெனி அடையாளமாக வெள்ளைப்புள்ளியோ எழுத்தோ இருந்தால் அதன் மேல் முன்னதாகவே வாசலின் தடவுங்கள். எடுத்துத் தேய்த்தால் தவிட்டு நிறம் சேறாகக் கழன்று வரும். தரை துடைக்கிற குளோரின் பிளீச்சைத் தொடாதீர்கள், எபோனைட்டில் குழி குழியாக விழும்.

பிறகு வாட்டர் பேப்பர், அதாவது தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள். எண் கூடக் கூடத் தாள் நைசாகும். பல் பதிந்த பள்ளம் இருந்தால் மட்டும் 400-இல் தொடங்குங்கள். இல்லையென்றால் 600, 1000, 1500, 2000 என்று தண்ணீர் தொட்டே தேயுங்கள். நிழலில் பார்த்தால் எல்லாம் கறுப்பாகத்தான் தெரியும். வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் சாய்த்துப் பாருங்கள். தேன் நிறத்தில் மெல்லிய திட்டு தெரிந்தால் இன்னும் வேலை பாக்கி.

அவசரக்காரர்கள் தவறவிடுகிற இடம் ஒன்று உண்டு. ஸ்டெம் மரத்தோடு சேரும் விளிம்பு கூராக இருக்க வேண்டும். அதை உருட்டித் தேய்த்துவிட்டால், திரும்பப் பொருத்தும்போது மரத்துக்கும் ஸ்டெம்முக்கும் நடுவில் ஒரு படி விழும். விரலால் தடவினாலே தட்டும். பிளாஸ்டிக் டப்பா மூடியில் ஒரு வளையம் வெட்டி முளையில் மாட்டிக்கொண்டு தேயுங்கள். விளிம்பு பிழைக்கும்.

தக்கலை: கிண்ணத்துக்குள்ள கரி கட்டிப்போயி கெடக்கு. கத்தியால சுரண்டலாமா?

கூர்க் கத்தி வேண்டாம், அடியில் இருக்கும் காற்றுத் துளையைப் பெரிதாக்கிவிடும். கரியை முழுக்க எடுக்கவும் வேண்டாம். ஒரு ரூபாய் நாணயத்தின் கனத்துக்கு விட்டுவைத்தால் மரத்துக்குக் காவல். அதற்கு மேல் கட்டினால் சூட்டில் கரி விரிந்து கிண்ணத்தைப் பிளக்கும். விரல் கனமுள்ள குச்சியில் உப்புத்தாளைச் சுற்றி, திருப்பித் திருப்பி எடுங்கள்.

அடுத்தது தார். கிண்ணத்தில் பஞ்சை அடைத்து, இன்னொரு பஞ்சைத் திரியாக முறுக்கிக் கழுத்துக்குள் செலுத்துங்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைச் சொட்டு மருந்துக் குழாயால் பஞ்சு நனையும் அளவுக்கு விட்டு, ராத்திரி முழுக்கச் சாய்த்து வையுங்கள். காலையில் பஞ்சு கட்டன்சாயா நிறத்தில் இருக்கும். வெள்ளையாக வரும் வரை மறுபடி மறுபடி செய்யுங்கள். சானிடைசர் கூடாது, அதில் கிளிசரின் உண்டு. ஆசாரிமார் பாலீஷுக்கு வைத்திருக்கும் ஸ்பிரிட்டும் கூடாது. அது குடிக்க முடியாதபடி நச்சு கலந்தது. பைப்போ வாயில் வைக்கும் பொருள். ஆல்கஹால் வெளிமரத்தில் ஒழுகினால் சாயமும் அரக்கு பாலீஷும் கரைந்துவிடும், பக்கத்தில் துணி வைத்திருங்கள்.

நாகர்கோவில்: சார், எங்கிட்ட ஒரு பைப் இருக்கு. என்ன விலை போகும்?

நான் விலை சொல்வதில்லை. வாங்குகிறவர் முதலில் பார்ப்பது முத்திரையை, இரண்டாவது கிண்ணத்தின் விளிம்பு கருகியிருக்கிறதா என்று. அவை இரண்டும் நன்றாக இருந்தால் வாங்க ஆள் வரும்.

மயிலாடி: எங்க வீட்டுப் பைப்பு மிஷனரி ரிங்கல்தௌபே ஐயா வச்சிருந்ததுன்னு பெரியவங்க சொல்லுவாங்க. பழுப்பு மரம், கறுப்பு ஸ்டெம், நடுவுல வெள்ளி வளையம். வளையத்துல நங்கூரமும் சிங்கமும் ஒரு எழுத்தும் இருக்கு. உண்மையாயிருக்குமா?

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி. ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தது 1806-இல். 1816 வாக்கில் இங்கிருந்து போய்விட்டார். உங்கள் பைப்பின் மரம் பிரையர் என்றால், அது மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் எரிக்கா என்ற புதர்ச்செடியின் அடிக்கிழங்கு. பிரான்சின் சான் குளோத் ஊரில் அதில் பைப் கடைந்தது 1850-களில்தான் சூடுபிடித்தது. ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துப் பதப்படுத்தும் முறைக்குச் சார்லஸ் குட்இயர் காப்புரிமை வாங்கியதே 1844-இல். ஆக மரமும் ஸ்டெம்மும் அவர் காலத்துக்குப் பிந்தியவை. அவர் கை பட்டதாக இருக்க முடியாது.

அதனால் வருத்தப்பட வேண்டாம். உங்கள் வளையமே தன் ஊரையும் வயதையும் சொல்லும். நங்கூரம், இங்கிலாந்தின் பர்மிங்காமில் வெள்ளியின் தரம் பார்க்கும் பரிசோதனைச் சாலையின் குறி. நடக்கும் சிங்கம் 92.5 சதவீத வெள்ளிக்கு. எழுத்து ஆண்டுக்கு. எழுத்தின் வடிவத்தையும் அதைச் சுற்றிய கட்டத்தின் வடிவத்தையும் சேர்த்துப் பர்மிங்காம் பட்டியலில் ஒப்பிட்டால் ஆண்டு துல்லியமாகக் கிடைக்கும். ஆனால் குத்துவிளக்கு துலக்குவதுபோல் விபூதி போட்டுத் துலக்காதீர்கள். ஏற்கெனவே தேய்ந்த குறி அடியோடு போகும். மெல்லிய துணியால் குறியைச் சுற்றித் துடைத்தால் போதும். இதுவும் முத்திரைதான், மரத்துக்குச் சொன்னதே இதற்கும்.

வடசேரி: என் பைப்பில் கே அண்ட் பி என்று போட்டு, மூன்று இலை, நாய், கோபுரம் என மூன்று குறி இருக்கு. இதுவும் வெள்ளி முத்திரையா?

இல்லை. டப்ளின் பீட்டர்சன் கம்பெனி நிக்கல் வளையத்தில் அழகுக்கு அடித்தவை அவை. வெள்ளி என்று சொல்லி விற்க வந்தால் ஏமாறாதீர்கள். பைப் நல்ல பைப்.

குளச்சல்: கடற்கரையில வெள்ளைக் களிமண்ணுல சின்னக் குழல் துண்டு கெடச்சுது. 1741 போருல டச்சுக்காரன் விட்டுட்டுப் போனதா?

அந்தக் காலத்தில் பைப் என்றால் வெள்ளைக் களிமண் பைப்தான். நெதர்லாந்தின் கவுடா நகரம் அதற்குப் பேர்போனது. கிண்ணத்தின் அடியில் இருக்கும் சிறு குதிகாலில் செய்தவனின் குறி இருக்கும். உங்களிடம் இருப்பது குழல் துண்டு மட்டும் என்பதால் அதை ஒரு போரோடு முடிச்சுப் போட முடியாது. ஆங்கிலேயரும் இதே மாதிரி செய்தார்கள், அடுத்த நூற்றாண்டிலும் செய்தார்கள்.

இதைப் புதுப்பிக்க நினைக்காதீர்கள். உப்புத்தாள், ஆல்கஹால் எதுவும் வேண்டாம். கடல் உப்பு உள்ளே இருந்தால் காயும்போது படிகமாகி மேல்பரப்பை உதிர்க்கும். நல்ல தண்ணீரில் போட்டு, நாள்தோறும் தண்ணீர் மாற்றி உப்பு இறங்கவிட்டு, நிழலில் உலர்த்துங்கள். எடுத்த இடத்தை எழுதிவைத்து, கன்னியாகுமரி அரசு அருங்காட்சியகத்தில் காட்டுங்கள்.

திங்கள்சந்தை: பழைய பைப்புக்கு விலை எப்படி போடுறது?

மேலே சொல்லியாகிவிட்டது.

மார்த்தாண்டம்: நம்ம ஊருல தேன்மெழுகுக்குப் பஞ்சமில்ல. மரத்துக்கு அதையே போட்டாப் போதுமா?

பிரையருக்குத் தனியாகப் போதாது. தேன்மெழுகு 62, 64 டிகிரியில் உருகும். நம்ம ஊர்ப் பங்குனி வெயிலிலேயே பிசுபிசுக்கும், கை ரேகை விழும். பிரேசில் பனை ஓலையில் எடுக்கும் கார்னாபா மெழுகு 82 டிகிரிக்கு மேல்தான் உருகும், பளபளப்பும் கூட. பிரையருக்கு அதுதான். வெள்ளை மீர்ஷாம் கல் பைப் இருந்தால் அதற்கு உங்கள் தேன்மெழுகு சரியான பொருத்தம். பட்டறை கிரைண்டரில் பஞ்சுச் சக்கரம் மாட்டிப் பாலீஷ் போடாதீர்கள். நிமிடத்துக்கு 2800 சுற்றில் அது மரத்தைக் கருக்கும், பைப்பைக் கையிலிருந்து பிடுங்கி எறியும். அதில் பாதி வேகம் போதும்.

ராஜாக்கமங்கலம்: மெழுகெல்லாம் எதுக்கு அண்ணாச்சி? தேங்காய் எண்ணெய் தடவுனா மரமும் மின்னும், ஸ்டெம்மும் கறுக்கும். எனக்க அப்பா அப்பிடித்தான் வச்சிருந்தாரு.

மின்னும், மறுக்கவில்லை. ஆனால் தேங்காய் எண்ணெய் உலராத எண்ணெய். மரத்தின் மேலேயே தங்கித் தூசியைப் பிடிக்கும், கிண்ணம் சூடானால் கசியும். ஸ்டெம்மில் தடவினால் பச்சை நிறம் மறையுமே தவிர போகாது. எண்ணெய் வற்றியதும் திரும்பத் தெரியும்.

அவரே: அப்போ காஞ்சு வெளிறின மரத்துக்கு ஒண்ணுமே தடவக் கூடாதா? மரம் வெடிக்காதா?

நியாயமான கேள்வி. ஆல்கஹால் பட்டுக் காய்ந்த மரத்துக்கு மருந்துக்கடை லிக்விட் பாரஃபின் இரண்டு சொட்டு துணியில் தொட்டுத் தேய்த்து, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். அது கெட்டு வாடை அடிக்காது. அதன் மேல் மெழுகு. மரம் வெடிப்பதோ எண்ணெய் இல்லாததால் அல்ல. பிரையரை அந்தக் கம்பெனிகளே முன்னதாக மணிக்கணக்கில் அவித்து, மாதக்கணக்கில் உலர்த்தித்தான் கடைகிறார்கள். வெடிப்பது கரி கனத்ததாலும் தண்ணீரில் முக்கியதாலும்.

முட்டம்: வள்ளத்துக்கு அண்டி எண்ணெய் அடிக்கோம். கடல் தண்ணிக்கே அசையாது. பைப்புக்கு ஒரு கோட் அடிச்சா தலைமுறைக்கும் நிக்கும். சொல்லுங்கோ, இத விட என்ன வேணும்?

வேண்டவே வேண்டாம். முந்திரி ஓட்டு எண்ணெய் வள்ளத்துப் பலகைக்கு நல்ல காவல், புழு அரிக்காது. ஆனால் அதில் உள்ள அனகார்டிக் அமிலமும் கார்டாலும் தோலைப் பொள்ளவைக்கும். கையில் பிடித்து, உதட்டில் வைக்கிற பொருளில் அதை அடிப்பதா?

முட்டம்: நாங்க கையால தொடத்தான செய்யோம். ஒண்ணும் ஆகல்லியே.

கருங்கல்: நான் அண்டி ஆபீஸ்ல இருபது வயசுல இருந்து பருப்பு உடைக்கேன். சாம்பல் தொட்டுத்தான் உடைக்கணும், இல்லேன்னா கை பொத்துப்போகும். நகக்கண்ணெல்லாம் கறுத்துக் கெடக்கு. அந்த எண்ணெயை வாயில வைக்கிறதுல பூசணும்னு சொல்றவரு ஒருநாள் வந்து எங்ககூட இருந்து பாக்கட்டும்.

அக்கா சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை. தோல் தடித்த கையையும் உதட்டையும் ஒன்றாக எண்ணக் கூடாது. முட்டத்து நண்பரே, வள்ள வேலையில் உங்கள் அறிவை மதிக்கிறேன். இதில் மட்டும் கேளுங்கள்.

முட்டம்: சரி, புன்னை எண்ணெய்?

அதுவும் வள்ளத்துக்குத்தான். வாடை மரத்தை விட்டுப் போகாது. எண்ணெய்ப் பேச்சை இத்தோடு நிறுத்துவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

குழித்துறை: புதுப்பிச்ச பைப்புல புகைக்கலாமா? சிகரெட்டை விட நல்லதுன்னு சொல்றாங்களே?

நல்லது இல்லை. பைப் புகையாலும் வாய், தொண்டை, நுரையீரல் புற்றுநோய் வரும். என்னிடம் உள்ளவை அலமாரியில் இருக்கின்றன. விட முடியாமல் தவிப்பவர் மருத்துவரைப் பாருங்கள்.

இரணியல்: ஹூக்காவுக்குப் பித்தளை வேலை செய்வீங்களா?

தெரியாது. பாத்திர வேலைக்காரரைக் கேளுங்கள்.

அருமனை: பழைய எபோனைட் மைப்பேனாவுக்கும் இதே முறையா?

பொருள் ஒன்றே. ஆனால் ஊற வைக்காதீர்கள், தண்ணீர் பட்டே நிறம் மாறும். உலர்ந்த துணியும் பாலீஷும் மட்டும்.

ஆரல்வாய்மொழி: என்ன விலைக்கு...

இனி விலைக் கேள்விக்குப் பதில் இல்லை.

கோட்டாறு: அண்ணாச்சி, நேத்துதான் உங்க எழுத்தைப் பாத்தேன். அதுக்கு முன்னாலயே பைப் முழுக்க உப்புத்தாள் போட்டுட்டேன். எழுத்து மங்கிப்போச்சு. திரும்ப வெட்டிக்கலாமா?

வெட்டாதீர்கள். மங்கிய உண்மை எழுத்துக்கு இன்னும் மதிப்பு உண்டு, புதிதாக வெட்டிய எழுத்து போலி. பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள், மிச்சம் எவ்வளவு என்று தெரியும். அந்த இடத்தில் மெழுகு மட்டும், அதுவும் விரலால்.

பேச்சிப்பாறை: இங்க எப்பவும் ஈரம். தோல் பெட்டியில வச்ச பைப்புல வெள்ளையா பூத்துட்டு.

பூஞ்சை. ஆல்கஹால் லேசாகத் தொட்ட துணியால் வெளியே ஒற்றி எடுத்து, உள்ளே பஞ்சு முறையைச் செய்யுங்கள். தோல் பெட்டியைத் தனியே வெயிலில் காயப்போடுங்கள். பைப்பை வெயிலில் வைக்காதீர்கள், ஸ்டெம் பச்சையாகும். நம்ம மாவட்டத்துக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. அந்த மாதங்களில் பெட்டிக்குள் அடைக்காமல், ஸ்டெம்மைக் கழற்றி, காற்றோட்டமான அலமாரியில் கிண்ணம் கீழே பார்க்க வையுங்கள். வாரம் ஒருமுறை எடுத்துத் துடையுங்கள்.